இடிஎஃப் வகைகளை வரிசைப்படுத்திச் சுழற்றுவது: எத்தனை மாதக் கணக்கு, எப்போது விற்பது?

செக்காலை_கணக்கு

அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம். இடிஎஃப் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் நிதித் திட்டம்) வகைகளை மாதக் கடைசியில் வரிசைப்படுத்தி, மேலே நிற்கும் மூன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இறங்கியதை விற்று மாற்றிக்கொண்டே போகும் சுழற்சி முறையில் 6 லட்சம் ரூபாய் போடலாம் என்றிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் 2 லட்சம்.

கூகுள் ஷீட்டில் 22 இடிஎஃப் இருக்கின்றன. கடைசி ஒரு மாத விலை ஏற்றம்தான் அளவுகோல். குழப்பங்கள் இவை: வரிசை மாதத்துக்கு மாதம் புரண்டு விடுகிறது. போன மாதம் முதலிடத்தில் இருந்தது இந்த மாதம் பதினெட்டில் நிற்கிறது. முதல் ஐந்தில் இரண்டு தங்கம், இரண்டு வெள்ளி என்று ஒரே சரக்கே வந்து உட்காருகிறது. இரண்டாம் இடத்தில் வாங்கியது நான்காம் இடத்துக்கு இறங்கினால் உடனே விற்க வேண்டுமா? லிக்விட்பீஸ் (சும்மா கிடக்கும் பணத்தை நிறுத்திவைக்கும் லிக்விட் இடிஎஃப்) எப்போதும் 0 சதவீதமே காட்டுவது ஏன்? கோல்டுபீஸ் என்ற தங்க இடிஎஃப்பின் பழைய என்ஏவியை (ஒரு யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்பு) போட்டால் ஒரே நாளில் 99 சதவீதம் வீழ்ந்ததாக வருகிறதே, அது என்ன?

---

கானாடுகாத்தான்_பேரேடு

தம்பி, கடைசி இரண்டு கேள்வியையும் முதலில் முடித்துவிடுவோம். இரண்டும் தரவுக் கோளாறு.

லிக்விட்பீஸின் என்ஏவி 1,000 ரூபாயிலேயே நிற்கும். வருமானம் தினமும் டிவிடெண்டாகி, சில்லறை யூனிட்டாக உங்கள் டீமேட்டில் சேரும். விலையை மட்டும் பார்த்தால் ஆயுசுக்கும் 0 தான். லிக்விட்கேஸ் போன்ற வளர்ச்சி வகை லிக்விட் இடிஎஃப்பைப் பட்டியலில் போடுங்கள். அதன் என்ஏவி நாளுக்கு நாள் ஏறும். கோல்டுபீஸ் 2019 டிசம்பரில் ஒரு யூனிட் நூறாகப் பிரிந்தது, நிஃப்டி 50 இடிஎஃப்பான நிஃப்டிபீஸ் பத்தாகப் பிரிந்தது. ஆம்ஃபி (பரஸ்பர நிதி நிறுவனங்களின் சங்கம்) தளத்தில் இறக்கும் பழைய என்ஏவி பிரிப்புக்குச் சரிசெய்யப்படாதது. அந்தத் தேதிக்கு முந்தைய கோல்டுபீஸ் எண்களை 100-ஆலும், நிஃப்டிபீஸ் எண்களை 10-ஆலும் வகுத்துவிட்டுத்தான் கணக்கில் இறங்க வேண்டும். சிபிஎஸ்இ (மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள்) இடிஎஃப் மாதிரி டிவிடெண்ட் கொடுப்பவற்றில் அந்தத் தொகையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டாவிட்டால் பொதுத்துறை வகை எப்போதும் ஓரிரு படி கீழேயே தெரியும்.

அடுத்தது பட்டியல். 22 என்பது 22 வகை இல்லை. ஐந்து நிறுவனங்கள் விற்கும் தங்கம் ஐந்து சரக்காகிவிடாது. வகைக்கு ஒன்று மட்டும் வையுங்கள். அன்றாட வணிக மதிப்பு அதிகமாகவும், வாங்க-விற்க விலை இடைவெளி குறைவாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எனக்குச் சரியென்று படுவது 14 வகை: நிஃப்டி 50, நெக்ஸ்ட் 50, மிட்கேப் 150, வங்கி, பொதுத்துறை வங்கி, ஐடி, மருந்து, நுகர்பொருள், ஆட்டோ, உள்கட்டமைப்பு, பொதுத்துறை நிறுவனங்கள், தங்கம், வெள்ளி, நாஸ்டாக் 100. லிக்விட் இந்த வரிசையில் சேராது. அது வேலிக்கோடு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பதினான்கையும் குழுவாகக் கட்ட வேண்டும். தங்கமும் வெள்ளியும் ஒரு குழு. வங்கியும் பொதுத்துறை வங்கியும் ஒரு குழு. பொதுத்துறை நிறுவனமும் உள்கட்டமைப்பும் ஒரு குழு, ஏனென்றால் மின்சாரமும் எரிபொருளும் இரண்டிலும் புகுந்து கிடக்கும். குழுவுக்கு ஓரிடம்தான். இந்த விதி இல்லாவிட்டால் "மூன்று இடிஎஃப்" என்று நினைத்துக்கொண்டு ஒரே பந்தயத்தில் 6 லட்சமும் போய் நிற்கும்.

இனி காலம். ஒரு மாதக் கணக்கை விட்டுவிடுங்கள். மிகக் குறுகிய காலத்தில் ஏறியது அடுத்து கொஞ்சம் பின்வாங்கும் இயல்புடையது. உந்தம் (ஏறியது தொடர்ந்து ஏறும் போக்கு) நிலைத்திருப்பது 3 முதல் 12 மாதக் கணக்கில்தான். நிஃப்டி200 மொமெண்டம் 30 குறியீட்டின் விதியையே பாருங்கள். 6 மாத ஏற்றம், 12 மாத ஏற்றம் இரண்டையும் எடுக்கிறார்கள், கடைசி ஒரு மாதத்தை விட்டுவிட்டு அளக்கிறார்கள், ஒவ்வொன்றையும் ஏற்ற இறக்கத்தால் வகுக்கிறார்கள். இடிஎஃப் வகைகளுக்கும் அதையே கடைப்பிடிக்கலாம்.

ஷீட்டில் செய்வது இப்படி. மாதக் கடைசி வர்த்தக நாளின் என்ஏவி மட்டும் ஒரு தாளில். இன்று ஜூன் 30 என்றால், 6 மாத ஏற்றம் என்பது மே கடைசி என்ஏவியை நவம்பர் கடைசி என்ஏவியால் வகுத்து 1 கழித்தது. 12 மாதத்துக்கு மே கடைசியை முந்தைய மே கடைசியால் வகுக்க வேண்டும். இன்னொரு தாளில் ஓராண்டின் தினசரி என்ஏவி. அதில் தினசரி மாற்றத்தின் திட்ட விலக்கத்தை எடுத்து 15.87-ஆல் பெருக்குங்கள். 252 வர்த்தக நாளின் வர்க்கமூலம் அது. வருவது ஆண்டு ஏற்ற இறக்கம்.

வகுப்பது ஏன் என்றால், உதாரணத்துக்கு வெள்ளி 6 மாதத்தில் 30 சதவீதம் ஏறி, அதன் ஆண்டு ஏற்ற இறக்கம் 32 என்று வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் 0.94. நுகர்பொருள் 18 சதவீதம் ஏறி, ஏற்ற இறக்கம் 14 என்றால் மதிப்பெண் 1.29. வெறும் ஏற்றத்தை வைத்தால் வெள்ளியும் பொதுத்துறை வங்கியும் ஏறும்போது முதலிடம், இறங்கும்போது கடைசியிடம் என்று ஆடிக்கொண்டே இருக்கும், நீங்களும் கூடவே ஆடுவீர்கள்.

6 மாத மதிப்பெண்ணுக்கு ஒரு இட எண், 12 மாதத்துக்கு ஒரு இட எண். இரண்டின் சராசரிதான் கடைசி வரிசை. இசட் மதிப்பெண் (சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்ற எண்) போடச் சொல்பவர்கள் உண்டு. 14 வகைதான் இருக்கும்போது ஒரே ஒரு வெள்ளி தாறுமாறாக ஏறினால் மற்ற எல்லாருடைய இசட் மதிப்பெண்ணும் நசுங்கிவிடும். இட எண்ணே போதும்.

விற்பது: நுழைவது முதல் 3-ல், வெளியேறுவது 6-க்குக் கீழே போனால் மட்டும். நான்காம் இடத்துக்கும் ஐந்துக்கும் இறங்கியதை விற்காதீர்கள். மூன்றாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் இடையில் உள்ள மதிப்பெண் வேறுபாடு பல மாதங்களில் ஒன்றுமே இல்லை. அதற்காக வரியும் செலவும் கட்டுவது வீண். இந்த முறையில் பணம் ஒழுகுவது முக்கியமாக இங்கேதான்.

---

தேவகோட்டை_தரகு

பேரேடு அண்ணன் என்ஏவி, என்ஏவி என்று அழுத்திச் சொன்னதை யாரும் மேலோட்டமாகத் தாண்டிப் போக வேண்டாம். சந்தை விலையை வைத்து வரிசை போடுவது இந்த முறையின் பெரிய ஓட்டை.

2025 அக்டோபரில் வெள்ளிக்கு என்ன நடந்தது? கையிருப்பு வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. சில வெள்ளி இடிஎஃப்கள் என்ஏவிக்கு மேல் 10 சதவீதத்துக்கும் அதிகமான விலையில் கைமாறின. நிதி நிறுவனங்கள் பல, வெள்ளி இடிஎஃப்பில் போடும் தங்கள் ஃபண்டுகளில் மொத்தத் தொகை வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தன. விலையை வைத்து வரிசை போட்டவருக்கு வெள்ளி முதலிடம், அதுவும் பொய்யாகக் கூடிய 10 சதவீதத்தோடு. வாங்கிய பிறகு வெள்ளி விலை அசையாமலே இருந்தாலும், அந்தக் கூடுதல் கரைந்ததும் 2 லட்சத்தில் கிட்டத்தட்ட 18,000 போயிருக்கும்.

நாஸ்டாக் 100-ம் அப்படித்தான். பரஸ்பர நிதித் துறை முழுவதும் சேர்ந்து வெளிநாட்டில் போட 700 கோடி டாலர்தான் உச்சவரம்பு. 2022 தொடக்கத்தில் அது நிரம்பியதிலிருந்து தேவைக்கேற்பப் புதிய யூனிட் உருவாக்க வழி அடைபட்டது. யூனிட் அளவு கூடாமல் வாங்குபவர் கூட்டம் கூடினால் விலை என்ஏவியை விட்டு விலகும். அந்த விலகலைச் சரிக்கட்டுவது சந்தை உருவாக்குநரின் (வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை கொடுத்து நிற்பவர்) வேலை. புது யூனிட் கிடைக்காதபோது அவராலும் முடியாது. நாமே நேரடியாக நிதி நிறுவனத்திடம் போகலாமென்றால் அதற்கு 25 கோடிக்கு மேல் வேண்டும்.

ஆகவே ஷீட்டில் ஒரு பத்தி கூடுதலாக: சந்தை விலையை ஐ-என்ஏவியால் (சந்தை நேரத்தில் அவ்வப்போது வெளியாகும் உத்தேச என்ஏவி) வகுத்து 1 கழித்தது. உள்நாட்டுப் பங்கு இடிஎஃப்பில் 0.3 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் அன்று வாங்க வேண்டாம், மறுநாள் பாருங்கள். தங்கம், வெள்ளி, நாஸ்டாக்கில் 1 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த மாதம் அதைத் தாண்டி அடுத்த இடத்தில் இருப்பதை எடுங்கள். நாஸ்டாக்கின் ஐ-என்ஏவியில் ஒரு எச்சரிக்கை உண்டு: நம் பகலில் அமெரிக்கச் சந்தை மூடியிருப்பதால் அந்த எண் முந்தைய இரவின் முடிவைச் சார்ந்தே நிற்கும். அதை அரை சதவீதத் துல்லியத்துக்கு நம்பக் கூடாது.

ஆர்டர் போடும் நேரம் 10.30-லிருந்து 2.30 வரை. காலை 9.15-க்குச் சந்தை உருவாக்குநரின் விலைகள் முழுதாக வந்து நிற்பதற்குள் இடைவெளி அகலமாக இருக்கும், கடைசி அரை மணியிலும் அப்படித்தான். மார்க்கெட் ஆர்டர் கூடவே கூடாது. லிமிட் (விலையைக் குறித்துப் போடும் ஆர்டர்) மட்டும், ஐ-என்ஏவிக்குப் பக்கத்து விலையில். உள்கட்டமைப்பு மாதிரி வணிகம் மெலிந்த வகையில் 2 லட்சத்தையும் ஒரே ஆர்டராகப் போட்டால் மேலே உள்ள மூன்று நான்கு விலைப்படிகளை நீங்களே தின்றுவிடுவீர்கள். 50,000 ஆக நான்காகப் பிரியுங்கள்.

செலவில் எது பெரியது என்று தெரிந்திருக்க வேண்டும். 2 லட்சம் வாங்க முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், அதாவது 30 ரூபாய். பங்கு இடிஎஃப்பை விற்கும்போது எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 0.001 சதவீதம், 2 ரூபாய். டிபி (டீமேட் கணக்கு வைக்கும் நிறுவனம்) கட்டணம் ஒரு விற்பனைக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ரூபாய். இதெல்லாம் தூசு. விலை இடைவெளியில் 0.3 சதவீதம் விட்டால் 600 ரூபாய். விற்பதிலும் வாங்குவதிலும் விட்டால் 1,200. தரகுக் கட்டணம் இல்லாத கணக்கு என்று தேடி அலைவதைவிட இடைவெளியைக் கவனிப்பது மேல்.

விற்ற பணம் முழுவதும் அன்றே வாங்கப் பயன்படுமா என்பது தரகு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தீர்வு மறுநாள்தான். பயன்படாத இடத்தில் விற்பதை ஒருநாள், வாங்குவதை மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிடிபிஐ (விற்ற யூனிட்டை எடுக்கத் தரகருக்குத் தரும் முன் அனுமதி) கொடுக்காதவர்கள் விற்கும் அன்றே டிபின் (டீமேட் ரகசிய எண்), ஓடிபி போட்டு அனுமதி தர வேண்டும். அதை மறந்தால் யூனிட் போய்ச் சேராது, ஏலத்துக்குப் போய்விடும், அபராதத்தோடு.

---

பள்ளத்தூர்_ஆச்சி

வரியை எழுதுகிறேன், அப்பு. அதைப் போடாமல் பார்த்தால் இந்த முறை எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

பங்கு இடிஎஃப்பை 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ், மொத்தம் 20.8. 12 மாதம் தாண்டினால் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம். உங்கள் 6 லட்சத்தையே எடுங்கள். சுழற்சியில் ஆண்டுக்கு 15 சதவீதம் வந்து எல்லாமே குறுகிய கால லாபம் என்றால் 90,000. வரி 18,720 போக 71,280. இன்னொருவர் நிஃப்டிபீஸை வாங்கிப்போட்டு 12 சதவீதம் பெற்று, ஓராண்டு தாண்டி விற்கிறார். 72,000, வரி ஒன்றும் இல்லை. 15-ஐ 12 முந்துகிறது. தொகை பெருகி ஆண்டு லாபம் 1.25 லட்சத்தைத் தாண்டும்போது இந்த இடைவெளி சுருங்கும், இன்னும் பெருகினால் 15-ஏ முந்தும்.

தங்கம், வெள்ளி, நாஸ்டாக் ஆகியவற்றில் 12 மாதத்துக்குள் விற்றால் உங்கள் வருமான வரி அடுக்கின்படி வரி. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 31.2. ஓராண்டு தாண்டினால் 12.5, ஆனால் 1.25 லட்ச விலக்கு இவற்றுக்குக் கிடையாது. லிக்விட் இடிஎஃப் எத்தனை நாள் வைத்தாலும் அடுக்கு விகிதம்தான். பதினோராம் மாதத்தில் ஒன்று ஏழாம் இடத்துக்கு இறங்கியிருந்தால், லாபம் பெரிதாக இருக்கும்பட்சத்தில் ஒரு மாதம் பொறுப்பதில் தவறில்லை. நஷ்டத்தில் இருந்தால் பொறுக்காதீர்கள். குறுகிய கால நஷ்டத்தை இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம், மீதியை 8 ஆண்டு வரை கொண்டுபோகலாம். கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

ஆண்டு வரி 10,000 தாண்டினால் முன்வரி உண்டு: ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. லாபம் வந்த பிறகு வரும் தவணையில் கட்டினால் போதும்.

நம் பக்கத்தில் ஆச்சி பேரில் டீமேட் வைப்பது வழக்கம். ஆச்சிக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அடிப்படை விலக்கு வரம்பில் இந்த லாபம் அடங்கிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். பிறந்த வீட்டுச் சீதனப் பணமோ, அவருடைய சொந்தச் சம்பாத்தியமோ என்றால் சரி. செட்டியார் கொடுத்த பணம் என்றால் அதில் வரும் லாபம் செட்டியார் கணக்கில்தான் சேரும். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கி வரவு தெளிவாக இருக்கட்டும். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வரம்புச் சலுகையே பங்கு இடிஎஃப் லாபத்தில் கிடையாது. விற்கும்போதே வரி பிடிக்கப்படும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி பேரேட்டில் எழுதுங்கள்: தேதி, இட எண், என்ஏவி, வாங்கிய விலை, இரண்டுக்கும் வித்தியாசம், ஏன் விற்றது. பங்குனியில் ஐந்தொகை போடும்போது, பக்கத்தில் அதே 6 லட்சம் நிஃப்டிபீஸிலேயே கிடந்திருந்தால் எவ்வளவு என்ற பத்தியும் இருக்க வேண்டும். வரி கழித்த எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

---

செக்காலை_கணக்கு

ரொம்ப உபகாரம். குழு விதியும் 3/6 விதியும் போட்டுவிட்டேன். பேரேடு அண்ணே, லிக்விட்டை வேலிக்கோடு என்றீர்களே, அது எப்படி? ஏற்றம் 0-க்குக் கீழே போனால் வெளியேறுவது என்று வைத்தால் போதாதா?

---

புதுவயல்_ஆலை

போதாது, தம்பி. 2020-ஐ வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கணக்கு எளிதாக இருக்க, கடைசி மாதத்தை விடாமல் வெறும் 6 மாத ஏற்றத்தை எடுக்கிறேன்.

2019 ஆகஸ்ட் கடைசியில் நிஃப்டி 11,023. 2020 பிப்ரவரி 28-ல் 11,201. 6 மாத ஏற்றம் 1.6 சதவீதம். பூஜ்யத்துக்கு மேலே இருப்பதால் உங்கள் விதி "இரு" என்று சொல்லும். அதே 6 மாதத்தில் லிக்விட் தந்தது சுமார் 2.5 சதவீதம். லிக்விட்டோடு ஒப்பிடும் விதி "வெளியேறு" என்று சொல்லும். மார்ச் 31-ல் நிஃப்டி 8,597. ஒரே மாதத்தில் 23 சதவீதம்.

விதி இதுதான்: முதல் 3-ல் வந்த வகையின் ஏற்றம் அதே காலத்து லிக்விட் ஏற்றத்துக்குக் கீழே இருந்தால், அந்த வகைக்கான 2 லட்சம் லிக்விட்டில் உட்காரும். வேறு வகையைத் தேடி இறங்க வேண்டாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஜூலை கடைசியில் நிஃப்டி 11,073. ஆறு மாதத்துக்கு முன் 11,962 என்பதால் இன்னும் உள்ளே விடாது. ஆகஸ்ட் கடைசியில் 11,387, செப்டம்பர் கடைசியில் 11,247. அந்த இரண்டில் ஒன்றில்தான் மீண்டும் நுழைய முடிந்திருக்கும். 11,201-ல் வெளியேறியவர் அதைவிட அதிக விலையில் திரும்ப வருகிறார். நிஃப்டி ஒன்றை மட்டும் வைத்திருந்தவருக்கு இந்த விதி வீழ்ச்சியின் வலியைக் குறைத்தது, லாபம் தரவில்லை. வகைச் சுழற்சி உதவுவது இங்கேதான். அந்த இடைக்காலத்தில் தங்கமும், ஏப்ரலிலிருந்து மருந்துத் துறையும் மேலே நின்றன. தங்கம் பட்டியலில் இல்லாத சுழற்சி பாதிச் சுழற்சி.

பட்டியல் முழுதாக இருக்க வேண்டும் என்ற அதே காரணத்தால், பழைய ஆண்டுகளில் சோதிக்கும்போது இடிஎஃப் தரவை நம்ப முடியாது. ஐடிபீஸ் 2020-ல்தான் வந்தது, பார்மாபீஸ் 2021-ல், வெள்ளி இடிஎஃப் 2022-ல். துறைகளுக்கு என்எஸ்இ குறியீட்டுத் தளத்தில் டிவிடெண்ட் சேர்ந்த மொத்த வருவாய்க் குறியீடு இலவசமாகக் கிடைக்கும். அதை எடுத்து, ஆண்டுக்கு அரை சதவீதம் செலவு கழித்துச் சோதியுங்கள். ஒரு துறை நன்றாக ஏறிய பிறகே அந்தத் துறைக்குப் புது இடிஎஃப் வருவதைப் பல முறை பார்க்கலாம். இன்று பட்டியலில் இருப்பதையே பத்தாண்டு பின்னோக்கிப் போட்டால், ஏறியவற்றை மட்டும் பொறுக்கிச் சோதித்ததாகிவிடும்.

ஒரு சின்ன மாற்றமும் சொல்கிறேன். 6 லட்சத்தையும் மாதக் கடைசி ஒரே நாளில் மாற்றினால் அந்த ஒரு நாளின் அதிர்ஷ்டம் ஆண்டு முடிவையே புரட்டிவிடும். 3 லட்சத்துக்கு மாதக் கடைசி, 3 லட்சத்துக்கு 15-ஆம் தேதி என்று இரண்டு தனி வரிசை ஓட்டுங்கள். வேலை இரட்டிப்பு, முடிவு சீராக இருக்கும். ஒரே டீமேட்டில் இரண்டையும் ஓட்டினால், முதலில் வாங்கியதே முதலில் விற்றதாக வரிக்கு எடுப்பார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

---

செக்காலை_கணக்கு

புரிந்தது. அப்படியென்றால் 30-ஆம் தேதி மாலை 3 மணிக்கு ஷீட்டைப் பார்த்து, 3.25-க்குள் விற்று வாங்கிவிடலாமா?

---

கானாடுகாத்தான்_பேரேடு

வேண்டாம். அன்றைய என்ஏவி இரவில்தான் ஆம்ஃபி தளத்தில் ஏறும். மூன்று மணிக்கு உங்கள் ஷீட்டில் இருப்பது நேற்றைய என்ஏவியோ இன்றைய சந்தை விலையோதான், இரண்டும் கலந்திருந்தால் இன்னும் மோசம். தேவகோட்டைக்காரர் சொன்ன கடைசி அரை மணிச் சிக்கலும் அங்கேயே இருக்கிறது. இரவில் என்ஏவியை இறக்கி, வரிசை போட்டு, அடுத்த வர்த்தக நாள் 10.30-க்கு மேல் ஆர்டர் போடுங்கள். கடைசி மாதத்தைத் தவிர்த்து அளப்பதால் ஒரு நாள் தாமதத்தில் வரிசை மாறாது.

தொடங்கும்போது ஒவ்வொரு வகைக்கும் 14 மாதக் கடைசி என்ஏவி இருக்கிறதா என்று சரிபாருங்கள். இந்த மாதம் ஒன்று, விட்டுவிடும் மாதத்தின் தொடக்கம் ஒன்று, அதிலிருந்து 12 மாதம் பின்னால். ஏதாவது ஒன்றில் கட்டம் காலியாக இருந்தால் ஷீட் அதை 0 என்று எடுத்துக்கொண்டு வரிசையைக் குழப்பும். அந்த வகைக்கு அதன் குறியீட்டு எண்ணை நிரப்புங்கள், இல்லையேல் 14 மாதம் நிறையும் வரை பட்டியலுக்கு வெளியே வையுங்கள்.